குளிர்காலத்தில் மஞ்சளாகும் கறிவேப்பிலைக் கன்று: தண்ணீரா, லைற்றா, இரும்பா, பூச்சி மருந்தா, சும்மா விடுவதா?

கிறிஸ்மஸ் கழிந்து ஜனவரி பிறந்ததும் எனக்கு வாற்ஸ்அப்பில் படங்கள் வரத் தொடங்கிவிடும். யன்னலோரம் ஒரு சாடி, அதில் முழ உயரத்தில் ஒரு கறிவேப்பிலைக் கன்று, இலையெல்லாம் மஞ்சள். படத்துக்குக் கீழே எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "இதுக்கு என்ன ஊத்திறது?"

இந்த முறை ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் உள்ள பிரம்ப்ரனில் இருந்து ஓர் அக்கா படத்தோடு ஒரு பட்டியலும் அனுப்பியிருந்தார். கிழமைக்கு மூன்று தரம் தண்ணீர், ஒரு கோப்பை புளித்த மோர், மீன் உரம், எப்சம் உப்பு (மக்னீசியம் உள்ள உப்பு), மேலே வேப்பெண்ணெய். எல்லாம் 10 நாளுக்குள். "எதில பிழை விட்டனான் எண்டு சொல்லு தம்பி" என்றார். எப்படிச் சொல்ல? ஐந்து வைத்தியத்தை ஒரே நேரத்தில் செய்தால் எது கெடுத்தது, எது காப்பாற்றியது என்று யாருக்கும் தெரியாது. ஐந்தில் ஒன்று சரியான வைத்தியமாகவே இருந்திருந்தாலும் மற்ற நான்கும் அதை மறைத்துவிடும்.

ஆகவே என்ன ஊற்றுவது என்பதை விட்டுவிட்டு, எதை முதலில் செய்வது, எதைப் பிந்திச் செய்யலாம் என்று பார்ப்போம். ரொறன்ரோப் பக்கம் வீட்டுக்குள் கன்று வளர்ப்பவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன். லண்டனிலோ ஒஸ்லோவிலோ இருந்தால் மாதங்களைக் கொஞ்சம் முன்பின் தள்ளிக்கொள்ளுங்கள்.

## முதலில் எதை வைத்து அளப்பது

எந்த இலை முதலில் மஞ்சளானது? மிச்சமெல்லாம் இதற்குப் பிறகுதான். அடியில் உள்ள பழைய இலை முதலில் மஞ்சளாகி உதிர்ந்தால் அதிகத் தண்ணீர், வெளிச்சக் குறைவு, நைதரசன் குறைவு, மக்னீசியக் குறைவு என்று சந்தேகம் போகும். நுனியில் புதிதாக வந்த குருத்து வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அது இரும்புப் பிரச்சினை. காரணம் எளியது. நைதரசனையும் மக்னீசியத்தையும் செடி பழைய இலையில் இருந்து உருவிப் புதிய இலைக்குக் கொடுக்கும். இரும்பை அப்படி உருவ முடியாது, அதனால் குருத்துத்தான் பட்டினி கிடக்கும். எந்த இலை என்றில்லாமல் ஊசியால் குத்தியதுபோல் சின்னச் சின்ன வெளிர் புள்ளிகள் என்றால் பூச்சியைத் தேடுங்கள்.

கணிப்புப் பிழைத்தால் என்ன நட்டம்? தண்ணீரைக் குறைத்தது பிழை என்றால் அடுத்த நாள் ஊற்றிவிடலாம். உரத்தை அள்ளிப் போட்டது பிழை என்றால் மண்ணில் இருந்து திருப்பி எடுக்க முடியாது.

எவ்வளவு நாளில் தெரியும்? குளிர்காலத்தில் கறிவேப்பிலை பாதித் தூக்கத்தில் இருக்கும். மூன்று நாளில் பலன் எதிர்பார்ப்பவர்தான் நான்காம் நாள் அடுத்த மருந்தை ஊற்றுகிறார்.

இலையைச் சமையலுக்கு எடுக்கலாமா? வேறு வீட்டுச் செடிகளுக்கு இந்தக் கேள்வி இல்லை. நமக்கு இதற்காகத்தானே கன்று.

காசைக் கடைசியில் வைக்கிறேன். கீழே வரும் எந்த வழியும் பெரிய செலவில்லை. நட்டமாவது பெரும்பாலும் காலம்தான்.

ஒன்றைத் தொடங்கும் முன் ஐந்து நிமிடம் செலவழித்துச் சாடியைத் தூக்கிப் பாருங்கள், கனக்கிறதா? மரக்குச்சி ஒன்றை அடிவரை குத்தி எடுங்கள், ஈரம் ஒட்டுகிறதா, மணக்கிறதா? வெள்ளைத்தாள் ஒன்றை இலைக்குக் கீழே பிடித்துத் தட்டுங்கள், விழுந்த தூசி நடக்கிறதா? பட்டையில் நகத்தால் ஒரு கீறல், உள்ளே பச்சையா? இந்த நான்குக்கும் விடை தெரியாமல் எனக்குப் படம் அனுப்பிப் பிரயோசனமில்லை.

## வழி 1: தண்ணீரைக் குறைப்பது, தேவைப்பட்டால் சாடி மாற்றுவது

என்னிடம் வரும் மஞ்சள் இலைப் படங்களில் அதிகமானவை இந்த வகைதான். யாழ்ப்பாணத்தில் ஆண்டின் மிகக் குறுகிய பகலே பதினொன்றரை மணி நேரம். ரொறன்ரோவில் டிசம்பர் 21 அளவில் ஒன்பது மணி நேரம்கூட இல்லை, அதிலும் பாதி நாள் மேகம். வெளிச்சம் இல்லாத செடி தண்ணீர் குடிக்காது. கோடையில் இரண்டு நாளில் காய்ந்த அதே சாடி ஜனவரியில் 10 நாள் ஈரமாக நிற்கும். நாமோ கோடைக் கணக்கில் ஊற்றிக்கொண்டிருப்போம்.

இரண்டு இடத்தில் பிழை நடக்கும். ஒன்று, "வளரட்டும்" என்று 4 அங்குலச் சாடியில் இருந்த கன்றை நேரே 12 அங்குலச் சாடிக்கு மாற்றுவது. வேர் எட்டாத மண் முழுக்க ஈரத்தைப் பிடித்துக்கொண்டு புளித்துப்போகும். ஒரு தரத்துக்கு ஓர் அங்குலம், மிஞ்சினால் இரண்டு அங்குலம் பெருப்பித்தால் போதும். மற்றது, அழகுக்காக வைக்கும் துளையில்லாத வெளிச்சாடி. உள்ளே தண்ணீர் தேங்கி நிற்பது வெளியே தெரியாது.

செய்யவேண்டியது: மேல் மண் இரண்டு விரற்கடை காயும்வரை ஊற்றாதீர்கள். ஊற்றும்போது அடித்துளையால் வழியும்வரை ஊற்றி, தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். மண்ணைச் சுற்றிச் சின்னக் கறுப்பு ஈக்கள் கொசுபோலப் பறந்தால் அதுவும் ஈரத்தின் அடையாளம்தான், ஈக்கு மருந்து தேட வேண்டாம்.

சாடி மாற்றுவதற்கு மட்டும் மறைவான விலை ஒன்று உண்டு. குளிர்காலத்தில் வேரைக் கிளறினால் திரும்பப் பிடிக்க மாதக்கணக்காகும். குச்சி கெட்ட மணம் மணந்தால், வேர் பழுப்பாகக் குழைந்திருந்தால், அப்போதுதான் கை வையுங்கள். வேர் வெள்ளையாக, இறுக்கமாக இருந்தால் காய விடுவதே போதும்.

பலன்: உதிர்வது இரண்டு, மூன்று கிழமையில் நிற்கும். மஞ்சளான இலை திரும்பப் பச்சையாகாது. அதை எதிர்பார்த்துக் காத்திருக்காதீர்கள்.

## வழி 2: லைற்றும் சூடும்

கன்று நீண்டு, இணுக்குக்கு இணுக்கு இடைவெளி கூடி, யன்னல் பக்கம் சாய்ந்து, இலை மொத்தமாக வெளிறியிருந்தால் இதுதான் வழி. தெற்குப் பார்த்த யன்னல் உள்ளவர்கள் கொடுத்துவைத்தவர்கள். ஆனாலும் யன்னலுக்கு ஆறடி தள்ளி மேசையில் வைத்தால் நம் கண்ணுக்கு வெளிச்சமாகத் தெரிவது செடிக்கு இருட்டு.

20 முதல் 40 வாற் வரையான ஒரு எல்.ஈ.டி. வளர்ப்பு லைற், கன்றுக்கு மேலே ஓரடி உயரத்தில், நாளுக்கு 12 முதல் 14 மணி நேரம். ரைமர் ஒன்று போட்டால் மறதிப் பிரச்சினை இல்லை. கரண்ட் பில்லுக்குப் பயப்பட வேண்டாம்: 30 வாற் லைற் 14 மணி நேரம் எரிந்தால் மாதத்துக்கு 12.6 அலகு. அலகு 15 சதம் என்று வைத்தாலும் இரண்டு டொலருக்குள்.

நான் முதல் லைற் வாங்கப் போன கடையில் நின்ற பையன் கண்ணைச் சிமிட்டி, "நாலு செடிதானே?" என்று கேட்டான். கனடாவில் 2018 ஒக்ரோபர் 17 முதல் கஞ்சா சட்டபூர்வம், ஒன்ராறியோவில் வீட்டுக்கு 4 செடி வளர்க்கலாம். கறிவேப்பிலைக்கு என்றேன். நம்பவில்லை. இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. இணையத்தில் கிடைக்கும் இலை நோய் அட்டவணைகளில் நிறைய அந்தச் செடி வளர்ப்பவர்கள் போட்டவை. அறிகுறிகளைப் பார்த்து அறிய நல்லவைதான். ஆனால் அதில் உள்ள உர அளவுகளைக் கறிவேப்பிலைக்கு எடுக்காதீர்கள். சில மாதங்களில் ஓடி முடித்துவிடும் ஒருபருவச் செடிக்குச் சொன்ன அளவு அது. நம்முடையது மரம், ஆறுதலாகச் சாப்பிடும்.

சூடு பற்றி இரண்டு வார்த்தை. கறிவேப்பிலைக்கு இரவில் 15 பாகைக்குக் கீழே போகாமல் இருந்தால் நல்லது. பேஸ்மென்ற் சிமெந்துத் தரையில் வைத்த சாடியின் மண், அறையைவிடக் குளிர்ந்து கிடக்கும். ஒரு பலகைத்துண்டின் மேல் தூக்கி வையுங்கள். அதே நேரம், இங்கத்தைய வீடுகளில் சூடு வரும் வாய் பெரும்பாலும் யன்னலுக்கு நேர் கீழேதான் இருக்கும். வெளிச்சம் என்று அங்கே கொண்டுபோய் வைத்தால் அடுப்புக் காற்று அடித்து இலை விளிம்பு அப்பளம்போலக் காயும்.

மறைவான விலை: லைற் போட்டதும் மண் வேகமாகக் காயும், செடி உரமும் கேட்கும். வழி 1ல் குறைத்த தண்ணீரைத் திரும்பக் கூட்டவேண்டி வரும். லைற்றை வாங்கிவிட்டு இரண்டு கிழமை ஊருக்குப் போகிறவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

பலன்: மூன்று முதல் ஆறு கிழமைக்குள் புதுக் குருத்து. பிழைத்தாலும் நட்டம் அனேகமாக இல்லை.

## வழி 3: இரும்பும் உரமும்

நம் ஆட்கள் முதலில் ஓடி வருவது இதற்குத்தான், நான் பிந்தி வைப்பதும் இதைத்தான்.

குருத்து மஞ்சள், நரம்பு பச்சை. சரி, இரும்புக் குறைவுதான். ஆனால் மண்ணில் இரும்பு இல்லாததால் வருவது அபூர்வம். இருக்கிற இரும்பை வேர் எடுக்க முடியாமல் போவதற்கு மூன்று காரணங்கள் உண்டு. மண் குளிர்ந்திருக்கலாம். மண் ஈரத்தில் மூச்சுத் திணறலாம். அல்லது மண்ணின் பி.எச். (புளிப்பைக் காட்டும் அளவு; ஏற ஏறப் புளிப்புக் குறையும்) ஏறியிருக்கலாம். கறிவேப்பிலை எலுமிச்சைக் குடும்பம், 6 முதல் 6.5 அளவில் லேசான புளிப்பு மண்ணை விரும்பும். ஒன்ராறியோ ஏரித் தண்ணீரில் சுண்ணாம்பு ஓரளவு உண்டு. ஊற்ற ஊற்ற, நீர் ஆவியாகிச் சுண்ணாம்பு சாடியிலேயே தங்கும். சாடி விளிம்பில் வெள்ளைப் பொருக்குப் படிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். "யாழ்ப்பாணமே சுண்ணாம்புக் கல்லுக்கு மேலதானே இருக்கு, அங்க வளரேல்லையா?" என்று ஒரு மாமா மடக்கினார். வளர்ந்தது. அங்கே வேருக்கு ஒரு வளவே இருந்தது, இங்கே இருப்பது ஒரு வாளி மண்.

முதல் இரண்டு காரணங்களுக்கும் இரும்பு மருந்து தேவையே இல்லை. தரையில் இருந்து தூக்கி வைத்து, காய விட்டாலே அடுத்த குருத்து பச்சையாக வரும். அதனால்தான் வழி 1, வழி 2 முடிந்த பிறகு இதற்கு வரச் சொல்கிறேன்.

அப்படியும் குருத்து மஞ்சளாகவே வந்தால் இரும்புக் கீலேற் (வேர் எடுக்கக்கூடியபடி இரும்பைக் கரைசலில் பிடித்துவைக்கும் மருந்து) வாங்குங்கள். லேபிளைப் படியுங்கள்: ஈ.டி.டி.ஏ. வகை பி.எச். 6.5 தாண்டினால் வேலை செய்யாது. டி.டி.பி.ஏ. வகை 7 சொச்சம் வரை தாங்கும். கருஞ்சிவப்பாகக் கரையும் ஈ.டி.டி.எச்.ஏ. வகை சுண்ணாம்பு மண்ணிலும் வேலை செய்யும், விலை கூட. லேபிளில் சொன்ன அளவில் பாதியோடு தொடங்குங்கள். கம்பளத்தில் சிந்தினால் கறை போகாது, சமையலறைத் தொட்டியில் வைத்து ஊற்றுங்கள்.

வீட்டு வைத்தியங்கள்:

துருப்பிடித்த ஆணி புதைப்பது: பி.எச். ஏறிய மண்ணில் துருவில் உள்ள இரும்பு கரையாது. ஆணிக்கு மட்டும் நல்லது.

புளித்த மோர்: ஊரில் கிணற்றடி மரத்துக்கு வெளியில் ஊற்றியது வேறு கதை. அங்கே வெயில், புழு, நுண்ணுயிர் எல்லாம் சேர்ந்து அதை உரமாக்கின. ஜனவரியில், மூடிய வீட்டில், 8 அங்குலச் சாடியில் அது அப்படியே அழுகும். மோரின் புளிப்பு மண்ணின் பி.எச்.சை நிலையாகக் குறைக்கவும் போதாது.

எப்சம் உப்பு: பழைய இலையில் நரம்புகளுக்கு இடையே மஞ்சள் விழுந்தால் மட்டும், நாலு லீற்றருக்கு ஒரு தேக்கரண்டி. குருத்து மஞ்சளுக்கு இது மருந்தல்ல.

மீன் உரம்: மே மாதத்துக்குப் பிறகு வெளியில் நன்றாக வேலை செய்யும். வீட்டுக்குள் ஊற்றினால் என்ன மணம் என்று விருந்தினர் கேட்பார்கள்.

மறைவான விலை: தூங்கும் செடிக்கு உரம் கொடுத்தால் உப்பு மண்ணில் சேர்ந்து இலை நுனி பழுப்பாகக் கருகும். அந்தக் கருகலைப் பார்த்து இன்னும் உரம் போடுவார்கள். சாடியின் கொள்ளளவைப் போல இரண்டு மூன்று மடங்கு தண்ணீரை மெதுவாக ஊற்றி வடியவிட்டுக் கழுவினால் ஓரளவு மீளலாம்.

## வழி 4: பூச்சிக்கு மருந்து

வெள்ளைத்தாளில் தூசி நடந்தால் சிலந்திப்பேன். ஹீற்றர் ஓடும் வீட்டின் உலர்ந்த சூடு அதற்குக் கொண்டாட்டம். இலையின் அடியில் மெல்லிய நூல் தெரிந்தால் ஏற்கெனவே பிந்திவிட்டீர்கள். தண்டில் பழுப்பு மச்சம்போல ஒட்டி, நகத்தால் கிளப்பினால் கழன்று வருவது செதில் பூச்சி. யன்னல் கட்டையில் பிசுபிசுப்பு இருந்தால் அதுதான் காரணம்.

இரண்டுக்கும் முதல் மருந்து குளியலறை. சாடியின் மண்ணைப் பிளாஸ்ரிக் பையால் மூடிக்கட்டி, கன்றைச் சரித்து, இலைக்கு அடிப்பக்கம் படும்படி இளஞ்சூட்டுத் தண்ணீரால் நன்றாக அடியுங்கள். சின்னக் கன்றின் நல்ல பக்கம் இது, ஒரு கையால் தூக்கலாம். செதில் பூச்சிக்கு மருந்துக்கடை அற்ககோலில் தோய்த்த பஞ்சால் ஒவ்வொன்றாகத் துடைத்தெடுக்க வேண்டும். பிறகும் மிஞ்சினால் பூச்சிக்கொல்லிச் சவர்க்காரம் தெளியுங்கள். அது பட்ட பூச்சியைத்தான் கொல்லும், முட்டையைக் கொல்லாது. ஆகவே 5 நாளுக்கு ஒரு தரமாக மூன்று, நான்கு தரம் தெளிக்க வேண்டும். ஒரு தரம் அடித்துவிட்டு "வேலை செய்யேல்லை" என்று மருந்தை மாற்றுவதுதான் வழக்கமான பிழை. பாத்திரம் கழுவும் திரவத்தைக் கலந்து அடிக்காதீர்கள், இளம் இலை பொசுங்கும்.

வேப்பெண்ணெய் பற்றி: கனடாவில் அது பூச்சிகொல்லியாகப் பதிவு செய்யப்படவில்லை. இலைக்குப் பளபளப்புத் தருவது என்ற பெயரில்தான் கடையில் இருக்கும். சாப்பிடும் இலைக்கு நான் அடிப்பதில்லை. ஒருமுறை அடித்துவிட்டு மூன்று கிழமை கழித்துச் சாம்பாரில் போட்டேன். வீட்டில் யாரும் பேசவில்லை, சாம்பாரையும் தொடவில்லை.

மறைவான விலை: பூச்சி இல்லாத செடிக்கு அடித்தால் இலை மூச்சு அடைத்து, இன்னும் மஞ்சளாகி, பூச்சிதான் என்ற சந்தேகம் உறுதியாகிவிடும். தாளில் நடக்கக் காணாவிட்டால் இந்த வழியே வேண்டாம்.

## வழி 5: ஒன்றும் செய்யாமல் மே வரை விடுவது

பட்டையைக் கீறினால் பச்சை, வேர் நல்லது, பூச்சி இல்லை, இலை மட்டும் ஒவ்வொன்றாகக் கொட்டுகிறது என்றால் அது நோயே அல்ல. குளிரிலும் இருளிலும் கறிவேப்பிலை இலை உதிர்த்துத் தூங்கும். மொட்டைக் குச்சியாக நின்று ஏப்ரலில் துளிர்த்த கன்றுகளை எத்தனையோ கண்டிருக்கிறேன், செத்துவிட்டது என்று பெப்ரவரியில் குப்பையில் போட்டதையும் கண்டிருக்கிறேன்.

லைற் போட இடமில்லாத அப்பாட்மென்ற்காரருக்கு இது நல்ல வழி. மண் முற்றாக வரளாத அளவுக்கு இரண்டு, மூன்று கிழமைக்கு ஒரு தரம் கொஞ்சத் தண்ணீர், உரம் அறவே இல்லை.

விலை: நாலு மாதம் கடைப் பாக்கெற் இலைதான். ஓர் அடிக்கும் குறைந்த கன்றுக்கு இது ஆபத்தும்கூட. சேமிப்பு இல்லாத தண்டு, துளிர்க்கச் சக்தி இல்லாமல் போகலாம். மே பிற்பகுதியில் வரும் விக்ரோறியா டே நீண்ட வார இறுதியை ஒட்டி, இரவு 10 பாகைக்குக் கீழே போகாது என்று தெரிந்த பிறகு வெளியே எடுங்கள். முதல் கிழமை நிழலில் வைக்க வேண்டும். வீட்டிலேயே இருந்த இலை நேர் வெயிலில் ஒரே நாளில் வெந்துவிடும்.

பட்டைக்குள்ளும் பழுப்பு, தண்டின் அடி குழைவு என்றால் மட்டும் கைவிட்டு, மே மாதம் புதுக் கன்று வாங்குங்கள். ஊரில் இருந்து சூட்கேசில் கொண்டுவர நினைக்காதீர்கள். இறக்குமதி அனுமதியும் தாவரநலச் சான்றிதழும் இல்லாமல் விமான நிலையத்திலேயே பறிபோகும். புதுக் கன்றையும் இரண்டு கிழமை தனி அறையில் வைத்துப் பாருங்கள், பழையதைத் தொலைத்த பூச்சி புதியதோடு வரலாம்.

## ஒரே பார்வையில்

| வழி | பொருந்தும் அடையாளம் | பலன் தெரிய | கணிப்புப் பிழைத்தால் | சமையலுக்கு இலை |
|---|---|---|---|---|
| தண்ணீர் குறைப்பது | அடி இலை மஞ்சள், கனத்த சாடி | 2–3 கிழமை | நட்டமில்லை (வேரைக் கிளறினால் உண்டு) | எடுக்கலாம் |
| லைற், சூடு | நீண்ட தண்டு, மொத்தமாக வெளிறல் | 3–6 கிழமை | அனேகமாக இல்லை | எடுக்கலாம் |
| இரும்பு, உரம் | குருத்து மஞ்சள், நரம்பு பச்சை | அடுத்த குருத்து வரும்வரை | உப்புச் சேரும், நுனி கருகும் | கழுவி எடுக்கலாம் |
| பூச்சி மருந்து | புள்ளி, நூல், பிசுபிசுப்பு | 3 கிழமை, பல தரம் | இலை பொசுங்கும் | லேபிள் பார்த்து, நன்றாகக் கழுவி |
| சும்மா விடுவது | இலை உதிர்வு மட்டும், பட்டை பச்சை | ஏப்ரல், மே | சின்னக் கன்று சாகலாம் | இல்லை |

என்னைக் கேட்டால் முதல் நாள் சாடியைத் தூக்கிப் பார்ப்பது, இரண்டாம் நாள் லைற், அதற்குப் பிறகு மூன்று கிழமை கையைக் கட்டிக்கொண்டிருப்பது. பூச்சி கண்ணில் பட்டால் மட்டும் இந்த வரிசையை உடைத்து அன்றைக்கே குளியலறைக்குக் கொண்டுபோங்கள், அது காத்திருக்காது.

பிரம்ப்ரன் அக்காவிடம் வெளிச்சாடியைக் கழற்றச் சொன்னேன். அடியில் இரண்டு விரற்கடை ஆழத்துக்குத் தண்ணீர், மோர் மணத்தோடு. கொட்டிவிட்டு, பலகைத்துண்டின் மேல் வைத்து, மகனுடைய படிப்பு மேசை லைற்றைக் கழற்றி அந்த இடத்தில் வளர்ப்பு லைற் பூட்டினார். இருந்த இலையில் பாதி கொட்டியது. பெப்ரவரிக் கடைசியில் ஒரு படம் வந்தது: தண்டின் நுனியில் அரிசி அளவில் ஒரு பச்சை. அதன் கீழே எழுதியிருந்தார்: "இனிக் கொஞ்சம் மோர் ஊத்தலாமோ?"